நாயோடு பிரான்மலை ஏறப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் மலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. காரைக்குடியைச் சுற்றிச் செம்மண், செம்புராங்கல், ஊரணி, கண்மாய், சீமைக் கருவேலம் இவைதான். குன்றக்குடியில் ஒரு குன்று, பிள்ளையார்பட்டியில் ஒரு பாறை. உச்சி என்று ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலைக்குத்தான் போக வேண்டும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு மலை அதுதான். கிட்டத்தட்ட 2,500 அடி உயரம் என்று சொல்வார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மேலே ஷேக் அப்துல்லா தர்கா, இரண்டுக்கும் நடுவில் பாறையும் புதருமாக ஏறுகிற பாதை.

இப்போது வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பலர், அதையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். நானும் என் செவலையோடு போய் வந்திருக்கிறேன். ஆனால் முதல் தடவை போனது தப்பாகப் போனது, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாசி மாதக் கடைசி. அடிவாரத்தில் ஏறத் தொடங்கும்போதே ஏழரை ஆகிவிட்டது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை, அவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். இறங்கும்போது மணி பத்தரை, பாறை முழுக்க வெயில். ஒரு புதர் நிழலைப் பார்த்ததும் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டான். கூப்பிட்டேன், எழுந்து வந்தான். பத்தடி நடந்து மறுபடி படுத்தான். மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் வந்தான். மூன்றாவது தடவை எழுந்தபோது பின்னங்கால் இரண்டும் தள்ளாடின. நாக்கு நுனி கரண்டி மாதிரி அகலமாகித் தொங்கியது, எச்சில் நூல் நூலாகக் கெட்டியாக இறங்கியது. என்னிடம் அரை பாட்டில் தண்ணீர்தான் மிச்சம். பக்கத்துப் பாறையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இறங்கி வந்து, தான் குடிக்கக் கொண்டு வந்திருந்த தூக்குவாளித் தண்ணீரை அப்படியே அவன் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஏப்பா, அது வாயில்லாச் சீவன். நீ கூப்புட்டா அது செத்துக்கிட்டே வரும். நீயில்ல நிக்கணும்?"

அவன் பிழைத்துக்கொண்டான். அந்த அம்மா சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. நாய் தனக்கு முடியவில்லை என்று சொல்லாது, நாம் நடக்கிற வரைக்கும் அதுவும் நடக்கும். அதனால் எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எங்கிருந்து திரும்புவது என்பதையெல்லாம் அதற்கும் சேர்த்து நாம்தான் முடிவு பண்ண வேண்டும்.

முதலில், உங்கள் நாய் போகலாமா?

ஒரு வயது ஆகாத குட்டி வேண்டாம். எலும்பு முனையில் வளரும் பகுதி இறுகுவதற்கே ஒரு வருடம் ஆகும், பெரிய சாதி நாய்களுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். அதற்கு முன் படி படியாகக் குதிக்க வைத்தால் மூட்டு பின்னாளில் தொல்லை கொடுக்கும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களை மலைப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சுவழி குறுகலான நாய்க்கு அதுவும் சரியாக நடக்காது. ஹஸ்கி மாதிரி அடர்ந்த முடிக்காரர்களுக்கும் நம் ஊர் வெயில் ஆகாது. எடை கூடிப்போன லாப்ரடாரை முதலில் இளைக்க வையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை என்றால் மலை இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

நம் நாட்டு நாய்கள் இந்தக் காரியத்துக்கு நல்லவை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த செவலையும் கருப்பும் மணியும் பாறையில் கால் வைப்பதைப் பார்த்தால் ஆடு தோற்றுப்போகும். சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அவற்றின் தோல் மெல்லியது, கருவேல முள் கிழித்தால் நீளமாகக் கிழிந்துவிடும். முயலைக் கண்டால் ஓட வேண்டும் என்பது அவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறது, அந்த நேரத்தில் நீங்கள் போடும் சத்தம் காதில் ஏறாது. ராஜபாளையத்துக்கு மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு, வெயிலில் கன்றிப் போகும்.

அப்புறம் ஊசி. வெறிநோய்த் தடுப்பூசி நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். வழியில் தெரு நாயும் குரங்கும் உண்டு, இதில் பேச்சுக்கே இடமில்லை. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த ஊசியும் வேண்டும். உண்ணிக்கு மாத்திரையோ, முதுகில் விடுகிற மருந்தோ டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பெண் நாய் பருவத்தில் இருக்கிற அந்த மூன்று வாரமும் வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் வழியில் இருக்கிற எல்லா ஆண் நாயும் உங்கள் பின்னாலேயே மலை ஏறும்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

குன்றக்குடிக்கு வேண்டாம். அங்கே ஏறுகிற படியே முருகன் கோயில் படி. திருமயம் கோட்டை போன்ற தொல்லியல் துறை இடங்களுக்கும் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். திருப்பத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் இருக்கிற வேட்டங்குடிக்கும் நாயோடு எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். அது 1977-இலிருந்து பறவைகள் சரணாலயம். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி சனங்கள் கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். அந்தக் கண்மாய்க் கரையில் நம் நாய் ஒரு தடவை குரைத்தாலும் அவர்கள் காத்து வருவதற்கு நாம் செய்கிற துரோகம்தான்.

காப்புக்காடு என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. நாய் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு, நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய் நரிக்கும் காட்டுப் பூனைக்கும் தொற்றும். பிரான்மலைக்குப் போனாலும் அடிவார ஊரில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்: நாயோடு ஏறலாமா, எந்தப் பக்கமாக ஏறினால் கோயிலுக்குள் நுழையாமல் போகலாம், இன்றைக்கு மேலே விசேஷம் ஏதாவது உண்டா. வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிடுங்கள், ஊரும் மலையும் அவர்களுடையது. திருவிழா, பௌர்ணமி, கார்த்திகை நாட்களில் போகவே வேண்டாம்.

இந்தக் கோயிலில் பைரவர் சந்நிதி உண்டு, திருப்பத்தூரிலும் வைரவன்பட்டியிலும் பைரவர் பெயர் பெற்றவர், நாய் அவருடைய வாகனம். அதைச் சொல்லி நாயைப் பிராகாரத்துக்குள் கூட்டிப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பைரவர் வாகனமாகவே இருந்தாலும் நம் வீட்டு நாய் வெளியில்தான் நிற்க வேண்டும்.

கயிறு பற்றி

கயிறு இல்லாமல் ஏறக் கூடாது. "என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டு வாசலில் வரும், சரி. மயில் ஒன்று காலடியிலிருந்து படபடவென்று எழும்பும்போது வருமா? மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் பட்டியலில் இருப்பது. அதை நாய் கவ்வினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதைவிட, மயிலைத் துரத்துகிற நாய்க்குப் பாறை எங்கே முடிகிறது என்று தெரியாது.

ஆறடி நீளத்தில் சாதாரண நைலான் கயிறோ, தட்டையான நாடாவோ போதும். பட்டனை அமுக்கினால் உள்ளே சுருண்டு போகிற வகை கயிறு மலைக்கு உதவாது, புதரில் சிக்கும், இழுக்கிற வேகத்தில் விரலை அறுத்துவிடும். இரும்புச் சங்கிலி பாறையில் மாட்டும், சத்தமும் போடும். கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டாதீர்கள். நெஞ்சையும் தோளையும் சுற்றி வருகிற ஹார்னஸில் மாட்டுங்கள், முதுகில் கைப்பிடி இருக்கிற ஹார்னஸாக வாங்கினால் இன்னும் நல்லது. உயரமான பாறையில் ஏற்றிவிட அந்தக் கைப்பிடிதான் உதவும். கழுத்தில் ஒரு பட்டையும் இருக்கட்டும், அதில் உங்கள் போன் நம்பர் எழுதிய தகடு மட்டும். ஹார்னஸை வாங்கியதும் அக்குளில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஐந்து கிலோமீட்டரில் அந்த இடம் புண்ணாகிவிடும்.

பிடிக்கிற விதமும் உண்டு. கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சத்தை உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால், நாய் திடீரென்று பாய்ந்தாலும் கை திறந்தால் கயிறு போய்விடும், நீங்கள் விழ மாட்டீர்கள். இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிறு சமதரைக்குச் சரி, சரிவில் வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை மாதப் பழக்கம்

நேரே மலைக்குப் போய் நிற்காதீர்கள். நம் வீட்டு நாய்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவை, வெயில் காலத்தில் வளவில் அந்தக் குளிர்ந்த கல்லில் வயிற்றை ஒட்டிப் படுத்தே நாளை ஓட்டுபவை. அந்த உள்ளங்கால் மென்மையாக இருக்கும். அது காய்ப்பேற நாள் வேண்டும். முதல் இரண்டு வாரம் விடியற்காலை ஊரணிக் கரையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். அப்புறம் செம்மண் பாதை, சரளைக் கல் என்று மாற்றி நாலு, ஐந்து, ஆறு கிலோமீட்டர் வரை. நடுவில் ஒரு வாரம் மொட்டை மாடிப் படியில் ஏற்றி இறக்குங்கள். ஏறுவதை எந்த நாயும் கற்றுக்கொள்ளும். இறங்கும்போது உங்களை முந்தாமல் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று சொல் போதும்: "நில்", "விடு", "மெல்ல". "நில்" என்றால் எங்கே இருந்தாலும் நிற்க வேண்டும். "விடு" என்றால் வாயில் எடுத்ததைக் கீழே போட வேண்டும், மலைப் பாதையில் கிடக்கிற எலும்பு, பிஸ்கட் கவர், செத்த ஓணான் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். "மெல்ல" என்பது இறங்குவதற்கு. நான் செவலைக்கு "மெல்ல" பழக்கியது வீட்டுப் படியில்தான். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, கையில் இருந்த அவித்த கோழியில் ஒரு துணுக்கு கொடுத்து, அடுத்த படி. முதல் மூன்று நாள் அவன் நாலு படியை ஒரே தாவாகத் தாவி என்னையும் இழுத்துவிட்டான். பத்தாவது நாள் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை வந்துவிட்டால் மலைக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பையில் என்ன

தண்ணீர்தான் முதலில். சாதாரண நாளிலேயே நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும், மலை ஏறும் நாளில் அதற்கு மேல். என் செவலை 20 கிலோ, அவனுக்கென்று தனியாக ஒன்றரை லிட்டர், எனக்கு இரண்டு லிட்டர், அது போக மேலே ஊற்றுவதற்கு ஒரு லிட்டர் பாட்டில் தொடாமல் வைத்திருப்பேன். சுனைத் தண்ணீரை நம்பாதீர்கள். ஆடும் குரங்கும் புழங்குகிற தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதோடு சுனையைச் சனங்கள் புனிதமாகப் பார்ப்பார்கள், நாய் வாய் வைத்தால் மனசு கஷ்டப்படும். மடக்குகிற ரப்பர்க் கிண்ணம் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

சாப்பாட்டை ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய், அதிலும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் போல நெஞ்சு ஆழமான நாய், குதித்து ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிருக்கே வந்து நிற்கும். வழியில் கொடுக்க உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழி போதும். நீங்கள் தின்பதற்குக் கட்டிக்கொண்டு போகிறதில் கவனம்: வெங்காயம், சாக்லேட், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். பாயசத்திலும் கேசரியிலும் போடுகிற கிஸ்மிஸும் திராட்சைதான், "ஒரு வாய் தானே" என்று யாரும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை போக, முள் எடுக்க ஒரு சாமணம், கட்டுத் துணி, பஞ்சு, கிருமிநாசினி, மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று, பழைய செய்தித்தாளும் உறைகளும். பெரிய போர்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், நாய்க்கு நடக்க முடியாமல் போனால் இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்துத் தூக்கி இறக்கலாம். போனில் இரண்டு நம்பர்: சிங்கம்புணரி அல்லது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவருடையது, அப்புறம் கால்நடை அவசர உதவிக்கான 1962. அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா, நாய்க்குப் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிறாரா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். நம் பக்கம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு மருந்தகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுகிற நாள்

மார்கழியும் தையும்தான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பாறையில் பாசி பிடிக்கும், நாயின் நகம் அதில் நிற்காது. மாசி பிறந்தால் வெயில் ஏறும், புல்லும் காய்ந்துவிடும். பங்குனியிலிருந்து ஆடி முடிய நான் போகவே மாட்டேன்.

காரைக்குடியிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் அடிவாரம், கிழக்கு வெளுக்கும்போது ஏறத் தொடங்கி ஒன்பதரைக்குள் கீழே வந்துவிட வேண்டும். எட்டு மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள். இதை வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுப் போக வேண்டும், மேலே போய் யோசித்தால் கால் கேட்காது. நாய்க்கு உச்சி என்று ஒன்று கிடையாது, அதற்கு வழியில் இருக்கிற வாசனைகளே போதும்.

இரண்டு பேராகப் போங்கள். கண்டிப்பாக. ஒருவர் கும்பிட, தண்ணீர் குடிக்க, கீழே விழுந்தால் தூக்க, எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆள் வேண்டும்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நில்லுங்கள். நாய் கேட்காவிட்டாலும் தண்ணீரைக் காட்டுங்கள், ஒரே மூச்சாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. நிற்கும்போதெல்லாம் புறங்கையைப் பாறையில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பாறையில் அதன் கால் வேகும். உயரமான இடத்தில் கயிற்றைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். நீங்கள் முதலில் ஏறி நின்று, அது தானாகத் தாவுகிறதா என்று பொறுத்துப் பார்த்து, முடியவில்லை என்றால் கீழே இருப்பவர் வயிற்றைத் தாங்க, மேலே இருப்பவர் ஹார்னஸ் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

வழியில் எதிர்ப்படுகிறவர்கள்

ஆடுதான் அதிகம் எதிர்ப்படும். தூரத்தில் மணிச் சத்தம் கேட்டதுமே கயிற்றை இரண்டடிக்குச் சுருக்கி, மந்தை கடந்து போகும் வரை ஒதுங்கி நில்லுங்கள். மிரண்ட ஆடு பாறையில் கால் தவறினால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பாத்தியம் போச்சு. சினை ஆடு ஓடினாலே குட்டி விழுந்துவிடும். மேய்ப்பவரிடம் முதலில் நீங்களே குரல் கொடுங்கள், "கயித்துல புடிச்சிருக்கேன் அண்ணே, நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றால் அவருக்கும் நிம்மதி. மேய்ப்பவரின் நாய் வந்தால் உங்கள் நாயை முறுக்கிப் பிடிக்காதீர்கள், இறுகின கயிறுதான் சண்டையைக் கிளப்பும். திரும்பி வேறு பக்கம் நடங்கள்.

குரங்கு கோயில் பக்கமெல்லாம் கூட்டமாக இருக்கும். பிளாஸ்டிக் உறை சரசரக்கிற சத்தம் அவற்றுக்கு அழைப்பு மாதிரி. தின்பண்டம் பைக்குள்ளே, துணியில் சுற்றி, வாய் கட்டி இருக்கட்டும். பெரிய கடுவன் பல்லைக் காட்டினால் கண்ணைப் பார்க்காமல், நிற்காமல், நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றி நடந்துகொண்டே இருங்கள். நாய் குரைத்தால் கூட்டம் சேரும், குரங்கு கடித்தால் ஆழமாகக் கிழியும். கடி பட்டுவிட்டால், நாய்க்கானாலும் உங்களுக்கானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பாம்புக்கு, பாதையை விட்டு நாயின் மூக்கு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. காய்ந்த பாறைப் பக்கத்தில் சுருட்டை விரியன் இருக்கும், ஒரு முழ நீளம்தான், கல்லோடு கல்லாகக் கிடக்கும். நாய் மோந்து பார்க்கப் போய் முகத்தில் வாங்கும். கடித்துவிட்டால் கீறாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். முகமும் கழுத்தும் வீங்கும், அதனால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, நடக்க விடாமல் போர்வையில் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், நாய்க்கும் அதையேதான் போடுவார்கள்.

அப்புறம் மனிதர்கள். பலர் செருப்பில்லாமல் வேண்டுதலுக்கு ஏறுகிறவர்கள். அவர்கள் கால் வைக்கிற பாதையில் உங்கள் நாய் அசிங்கம் பண்ணினால் உடனே செய்தித்தாளில் அள்ளி உறையில் கட்டிக் கீழே கொண்டுவந்து குப்பையில் போடுங்கள், புதருக்குள் வீசுவது கணக்கில் சேராது. எதிரில் ஆள் வந்தால் நீங்கள் நடுவிலும் நாய் ஓரத்திலுமாக ஒதுங்கி நின்று வழி விடுங்கள். "கடிக்குமா?" என்று கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். புதியவர்களைக் கண்டு உறுமுகிற நாய் என்றால் வாய்க்கூடு போட்டுத்தான் கூட்டி வர வேண்டும். நாயைக் கண்டாலே நடுங்குகிற குழந்தைகள், கடி வாங்கிப் பதினாலு ஊசி காலத்தைப் பார்த்த பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில் வருகிறார்கள்.

உச்சிக்குப் போய்விட்டால் தர்காவுக்குத் தள்ளியே, நிழல் பார்த்து உட்காருங்கள். ஒருவர் நாயோடு இருக்க, மற்றவர் போய் வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மரத்தில் கட்டிவிட்டு இரண்டு பேரும் போகாதீர்கள், குரங்கு இருக்கிறது. கால் நாலையும் தூக்கி விரல் இடுக்கில் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று பார்க்க இதுதான் நேரம். நடை வித்தியாசமாக இருந்தால் உடனே பாருங்கள், பொறுத்தால் முள் உள்ளே போய்விடும்.

இறங்கும்போது

அடி படுவதெல்லாம் இறங்கும்போதுதான். கால் களைத்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், நாய்க்குக் கீழே போகும் அவசரம். சரிவான பாறையில் நாயை உங்களுக்குப் பின்னாலோ பக்கத்திலோ வையுங்கள், முன்னால் விட்டால் அது இழுக்கிற இழுப்பில் நீங்கள் உருள்வீர்கள். மிகச் செங்குத்தான இரண்டு மூன்றடிக்கு, கீழே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள, மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே விட வேண்டும்.

நாய் தானாகப் படுத்தால் கூப்பிடாதீர்கள். இது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நிழலில் படுத்தால் அது எழுகிற வரை நீங்களும் உட்காருங்கள். நாக்கு அகன்று தொங்குவது, ஈறு ரத்தச் சிவப்பாகவோ வெளுத்தோ போவது, கெட்டியான எச்சில், வாந்தி, தள்ளாட்டம் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அது வெயில் தாக்கியதுதான். அங்கேயே, அப்போதே தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, காது, பாதம் எல்லாம் நனைய வேண்டும். துண்டால் விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். நினைவு தெளிவாக இருந்து தானாகக் குடித்தால் கொஞ்சம் கொடுங்கள், வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம். குளிர வைத்த பிறகு போர்வையில் தூக்கி இறக்கி டாக்டரிடம். தெளிந்த மாதிரி தெரிந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும், உள்ளே சிறுநீரகம் கெடுவது வெளியில் தெரியாது. நாயின் சாதாரண உடம்புச் சூடு 101-இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104-ஐத் தாண்டினால் ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும்

வந்த உடனே சோற்றை வைக்காதீர்கள். தண்ணீர், ஒரு மணி நேர ஓய்வு, அப்புறம் தயிர்ச் சோறோ கோழிச் சோறோ. அதற்குள் முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்து உடம்பு முழுக்கக் கையால் தடவுங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, வாலின் அடி, இந்த ஐந்து இடத்தில்தான் உண்ணி ஒட்டியிருக்கும். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். ஒட்டுப் புல்லின் விதை காதுக்குள் போயிருந்தால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும், அதை நீங்கள் நோண்டாமல் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். உள்ளங்கால் வெடித்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவலாம், நக்கினாலும் கெடுதல் இல்லை. மறுநாள் நடை வேண்டாம்.

காலண்டரில் ஏறின தேதியைக் குறித்து வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றைக்கே வராது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த நாட்களில் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலோ, சுருண்டே படுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, டாக்டரிடம் போனதும் முதலில் மலைக்குப் போன தேதியைச் சொல்லுங்கள், எந்த ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.